'சாப்பிங் மால்' (1986): சிரிக்க வேண்டிய படமா, பயப்பட வேண்டிய படமா?

ராத்திரி ஷோ

இந்த மாதிரிப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. 1986-ல் வந்த 'சாப்பிங் மால்' (Chopping, அதாவது வெட்டுதல்) படத்தை ரூம் நண்பர்களோடு சேர்ந்து பார்த்தேன். ஜிம் வைனோர்ஸ்கி இயக்கம், ஜூலி கோர்மன் தயாரிப்பு. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பெரிய மால், அதன் இரவுக் காவலுக்கு மூன்று ரோபோக்கள். பட்டையான சக்கரத்தில் டாங்கி மாதிரி உருண்டு வரும். கடைகள் மூடியதும் வெளிவாசல்களில் எஃகுக் கதவு இறங்கிவிடும், காலை வரை திறக்காது. ஒரு ராத்திரி மின்னல் அடித்து, ரோபோக்களை இயக்கும் கம்ப்யூட்டர் கெட்டுப்போகிறது. அதே ராத்திரி அங்கே வேலை பார்ப்பவர்களும் அவர்களுடைய நண்பர்களுமாக நாலு ஜோடி ஃபர்னிச்சர் கடைக்குள் ஒளிந்து பார்ட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

நண்பர்கள் ஆரம்பத்திலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ரோபோ மெதுவாக உருண்டு வருவதற்குச் சிரிப்பு, லேசருக்குச் சிரிப்பு, ஒரு பெண்ணின் தலை வெடிக்கும் காட்சிக்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு அப்படிச் சிரிப்பு வரவில்லை. ஒருவரைக் கொன்று முடித்த பிறகு அந்த ரோபோ வழக்கமான குரலில் 'நன்றி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்' என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போகிறது பாருங்கள், அங்கே எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது. அதற்குப் பிறகு அந்த மாலின் காலி நடைபாதையை எப்போது காட்டினாலும் பயமாகத்தான் இருந்தது. பல நூறு கோடி போட்டு எடுத்த ரோபோ படங்கள் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், எதிலும் இந்த உணர்வு வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இவ்வளவு குறைந்த செலவில் எடுத்த படம் எப்படி இந்த வேலையைச் செய்கிறது? மின்னல் அடித்ததால் ரோபோ கொலைகாரன் ஆனது என்பதைத் தவிர வேறு காரணம் ஏதாவது படத்தில் இருந்து நான் கவனிக்காமல் விட்டேனா? அப்புறம், இதே வகையில் சின்னப் பணத்தில் எடுத்த நல்ல படங்கள் இருந்தால் சொல்லுங்கள். யாராவது முடிவைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள், நண்பர்களில் இருவர் பாதியில் தூங்கிவிட்டார்கள், மறுபடி பார்க்கப் போகிறார்கள்.

---

கேசட் காலம்

தம்பி, நீங்கள் பயந்த இடம் சரியான இடம்தான். அந்தக் குரல் யாருடையது தெரியுமா? இயக்குநர் வைனோர்ஸ்கியே கொடுத்த குரல் அது.

படத்தின் செலவு சுமார் 8 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது மிகச் சின்னத் தொகை. கோர்மன் குடும்பத்துத் தயாரிப்பு முறையே அப்படித்தான். ரோஜர் கோர்மன் பல பத்தாண்டுகளாகக் குறைந்த பணத்தில் படம் எடுத்தே ஒரு தலைமுறை இயக்குநர்களை வளர்த்தவர், ஜூலி கோர்மன் அவருடைய மனைவி. மாலுக்குள் நடக்கும் ஒரு திகில் படம் வேண்டும் என்று ஒரு வீடியோ கம்பெனி கேட்க, அதற்கு எழுதப்பட்டதுதான் இது. அதாவது இடம் முதலில் வந்தது, ரோபோ பிறகு வந்தது. படத்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம் என்று நினைக்கிறேன். கையில் பணம் இல்லாதவன் ரோபோவை யோசித்துவிட்டு அதற்கு ஒரு உலகம் கட்டப் போனால் பணம் பாதியிலேயே தீர்ந்துவிடும். இவர்கள் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த ஒரு உலகத்துக்குள் போய் ரோபோவை உருட்டிவிட்டார்கள்.

அந்த இடம் கலிபோர்னியாவில் இருந்த ஷெர்மன் ஓக்ஸ் கேலரியா. கடைகள் மூடிய பிறகு ராத்திரியில் எடுத்தார்கள். அர்னால்டின் 'கமாண்டோ' படத்தில் வரும் மால் சண்டையும் அங்கே எடுத்ததுதான். அவ்வளவு பெரிய கட்டடம், பல மாடி, நடுவில் திறந்தவெளி, எஸ்கலேட்டர், கண்ணாடி, வண்ண வண்ண விளக்கு. செட் போட்டு இதை எடுப்பதென்றால் 8 லட்சம் டாலரில் ஒரு மூலைகூட வந்திருக்காது. பகலில் கூட்டம் நிரம்பி வழியும் இடத்தை ஆள் இல்லாமல் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும். அதை அப்படியே காட்டினால் போதும், கேமராமேன் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பின்னணியில் சக் சிரினோவின் சிந்தசைசர் இசை ஓடிக்கொண்டே இருக்கிறது, அதுவும் ஆர்க்கெஸ்ட்ரா வைக்கக் காசில்லாத காலத்துப் பழக்கம்தான், ஆனால் இயந்திரம் துரத்தும் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான சத்தம் கிடையாது.

ரோபோக்களைச் செய்தவர் ராபர்ட் ஷார்ட். பின்னாளில் 'பீட்டில்ஜூஸ்' படத்தின் மேக்கப்புக்கு ஆஸ்கர் வாங்கிய குழுவில் இவரும் ஒருவர். அதனால்தான் அந்த ரோபோக்களைத் தகரப் பொம்மை என்று ஒதுக்க முடியவில்லை. அவை உண்மையில் தரையில் உருள்கின்றன, நடிகர்கள் பக்கத்திலேயே நிற்கின்றன, அவற்றின் மேல் விளக்கு வெளிச்சம் விழுகிறது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தால் கண்ணாடி உண்மையில் உடைகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த ரோபோ நடிகருக்கு எதிரே நிற்பதில்லை. நடிகர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்ப்பது நமக்கும் தெரிந்துவிடும். கதாநாயகி கெல்லி மரோனி இந்தப் படத்தில் ஓடும்போது எதைப் பார்த்து ஓடுகிறார் என்பதில் சந்தேகமே வராது.

இன்னொன்று, இந்தப் படம் முதலில் 'கில்பாட்ஸ்' என்ற பெயரில்தான் தியேட்டருக்கு வந்தது. ஓடவில்லை. குழந்தைகள் பார்க்கும் ரோபோ கார்ட்டூன் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள் என்பது படக்குழு பக்கத்து விளக்கம். அப்புறம் நிறைய வெட்டி 77 நிமிடமாகச் சுருக்கி, பெயரை மாற்றி அதே வருடம் மறுபடி விட்டார்கள். போஸ்டரில் ஒரு இரும்புக் கை, அதில் ஒரு ஷாப்பிங் பை, பைக்குள்ளே வெட்டிய உடல் துண்டுகள். படத்தில் அந்தக் கையும் இல்லை, வெட்டுவதும் இல்லை! ஆனால் வீடியோ கடையில் அந்த அட்டையைப் பார்த்துக் கேசட் எடுத்தவர்களால்தான் படம் பிழைத்தது. 77 நிமிடம் என்பதுகூட நல்லதுக்குத்தான் நடந்தது. மூச்சுவிட நேரம் தராமல் முடிந்துவிடுகிறது.

---

நளினி

கேசட் காலம் சொன்ன தகவல்கள் அருமை. ஆனால் உங்கள் நண்பர்கள் சிரித்ததில் தப்பில்லை என்று நான் சொல்வேன், ஏனென்றால் படமே பாதி இடங்களில் சிரிக்க வைக்கத்தான் பார்க்கிறது. தொடக்கத்தில் ரோபோ விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து முகம் சுளிக்கிற தம்பதி யார்? பால் பார்ட்டலும் மேரி வொரொனோவும். 'ஈட்டிங் ராவுல்' என்ற 1982 படத்தில் அவர்கள் நடித்த அதே தம்பதி, அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். துடைப்பமும் வாளியுமாக வரும் துப்புரவுத் தொழிலாளி டிக் மில்லர், அவர் பாத்திரத்தின் பெயர் வால்டர் பெய்ஸ்லி, அது 1959-ல் கோர்மனின் 'எ பக்கெட் ஆஃப் பிளட்' படத்தில் அவரே செய்த பாத்திரத்தின் பெயர். இப்படிப் பழைய கோர்மன் படங்களைத் தெரிந்தவர்கள் கண்ணடித்துக்கொள்ள ஏகப்பட்ட இடம் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு படத்தைப் பார்த்து ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் பயப்படுகிறார் என்றால் இரண்டு பேரும் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் உள்ள குறை வேறு. துப்பாக்கிக் கடையை உடைத்து ஆயுதம் எடுத்ததும் படம் கொஞ்ச நேரம் வெறும் சுடுகிற படமாகிவிடுகிறது. அதுவரை காலியான மால் கொடுத்த பயம் அங்கே கரைந்துபோகிறது. இயந்திரத்திடம் மனிதனுக்கு வரும் பயம், அதோடு பேச முடியாது, கெஞ்ச முடியாது, அது களைக்காது என்பதில் இருக்கிறது. சுட ஆரம்பித்தால் அது இன்னொரு வில்லன், அவ்வளவுதான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் ஒரே படம்: 'ஹார்ட்வேர்', 1990, ரிச்சர்ட் ஸ்டான்லி. பிரிட்டனில் எடுத்த படம், இதுவும் சின்னப் பட்ஜெட். அணுப் போருக்குப் பிந்தைய காலம், வெளியே பாலைவனம், மழை இல்லை. பாலைவனத்தில் கிடைக்கும் ஒரு ரோபோவின் தலையை டிலன் மெக்டெர்மாட் வாங்கிக்கொண்டு வந்து காதலிக்குப் பரிசாகக் கொடுக்கிறார். அவள் சிற்பி, இரும்புத் துண்டுகளை வெல்டிங் செய்து சிற்பம் செய்கிறவள். அந்தத் தலைக்கு அமெரிக்கக் கொடியின் வண்ணத்தைப் பூசித் தன் சிற்பத்தில் பொருத்துகிறாள். அது ராணுவத்தின் கொலை இயந்திரம், பெயர் மார்க் 13. ராத்திரியில் அது விழித்துக்கொண்டு அவள் வீட்டில் இருக்கும் கருவிகளையும் மின்சாரத்தையும் வைத்தே தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது. படத்தின் பெரும்பகுதி அந்த ஒரே ஃபிளாட்டுக்குள் நடக்கிறது. வீட்டுக் கதவு முதல் எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான் இயங்கும், அதனால் வீடே அவளைப் பூட்டிவைக்கிறது.

இதில் மின்னல் கிடையாது, கோளாறு கிடையாது, அதுதான் எனக்குப் பிடித்தது. அந்த இயந்திரம் மனிதனைக் கொல்லச் செய்யப்பட்டது, அது மனிதனைக் கொல்கிறது. யாரும் எதையும் மீறவில்லை. பெயர்கூட பைபிளில் மாற்கு 13-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது, மாம்சம் எதுவும் தப்பாது என்று வரும் வசனம். ஸ்டான்லி அதுவரை இசை வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், அதனால் படம் முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாக எரிகிறது, வானொலி அறிவிப்பாளராகப் பாடகர் இக்கி பாப்பின் குரல் மட்டும் வருகிறது, டாக்ஸி டிரைவராக மோட்டர்ஹெட் ராக் குழுவின் லெம்மி வருகிறார். ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்: கதை '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் குழு 1980-ல் வெளியிட்ட 'ஷாக்' என்ற சின்ன சித்திரக்கதையை ஒத்திருந்ததால் வழக்கு வந்து, பிறகு அதை எழுதி வரைந்தவர்களின் பெயரைப் படத்தில் போட வேண்டியதாயிற்று. ஸ்டீவ் மெக்மேனஸ், கெவின் ஓநீல் என்ற அந்த இருவருக்கும் உரிய பெயரைத் தொடக்கத்திலேயே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை ராத்திரி தனியாகப் பாருங்கள், நண்பர் கூட்டத்தோடு வேண்டாம்.

---

ஆட்டோமேஷன் குமார்

எனக்குப் பழைய படங்கள் பற்றி அவ்வளவு தெரியாது. ஆனால் தொழிற்சாலை ரோபோக்களைப் பொருத்தி ஓட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. 'சாப்பிங் மால்' பார்த்திருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு, அதாவது மின்னல் மட்டும்தான் காரணமா என்பதற்கு, என் துறைக் கண்ணோட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது.

அந்த மால் கட்டடத்தை வடிவமைத்தவனைத்தான் நான் குற்றம் சொல்வேன். யோசித்துப் பாருங்கள். மூன்று ரோபோவுக்கும் ஒரே கட்டுப்பாடு, அது மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர். அது கெட்டால் ரோபோ நிற்க வேண்டும், ஆனால் ஓடுகிறது. எங்கள் வேலையில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: எது அறுந்தாலும், எது போனாலும், இயந்திரம் நிற்கிற பக்கமாகத்தான் விழ வேண்டும். அதற்காகத்தான் எமர்ஜென்சி ஸ்டாப் வயரிங்கை எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி போடுவோம். வயர் அறுந்தாலும் பட்டனை அழுத்தியது போலவே ஆகி மெஷின் நின்றுவிடும். படத்தில் அந்த ரோபோக்களின் உடம்பில் எங்காவது ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறதா? அடுத்தது வாசல். காலை வரை திறக்காத எஃகுக் கதவு, உள்ளே மாட்டிக்கொண்டவன் திறக்க ஒரு வழியும் இல்லை. தீப்பிடித்தால் என்ன செய்வார்கள்? திருடன் உள்ளே வரக் கூடாது என்று மட்டுமே யோசித்திருக்கிறார்கள், மனிதன் உள்ளே இருப்பான் என்று யாரும் யோசிக்கவேயில்லை. மின்னல் இந்த இரண்டையும் வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். எனக்குப் படத்தில் பயம் கொடுத்தது இதுதான், ஏனென்றால் இது நடக்கக்கூடியது.

உண்மையில் ரோபோவால் மனிதன் இறந்த முதல் சம்பவமாகச் சொல்லப்படுவது 1979 ஜனவரியில் மிச்சிகனில் ஃபிளாட் ராக் என்ற ஊரில் இருந்த ஃபோர்டு வார்ப்பட ஆலையில் நடந்தது. அலமாரி அடுக்குகளிலிருந்து பாகங்களை எடுத்துத் தரும் தானியங்கி அமைப்பு அது. எண்ணிக்கை சரியாக வரவில்லை என்று ஒரு இளம் தொழிலாளி தானே அடுக்கின் மேல் ஏறிப் பாகங்களை எடுக்கப் போனார். அவர் அங்கே இருப்பது இயந்திரத்துக்குத் தெரியாது. பின்னாலிருந்து கை வந்து தலையில் அடித்தது. அவர் விழுந்து கிடக்க, அது தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது, அரை மணி நேரம் கழித்துத்தான் சக தொழிலாளிகள் பார்த்தார்கள். அவர் குடும்பத்துக்கு 1983-ல் நீதிமன்றத்தில் ஒரு கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. அடுத்து 1981-ல் ஜப்பானில் அகாஷியில் இருக்கும் கவாசாகி ஆலையில், ரோபோவை முழுதாக நிறுத்தாமல் வேலிக்குள் போய்ச் சரிசெய்யப் பார்த்த ஒருவர் இறந்தார். இரண்டிலும் இயந்திரம் யாருக்கும் எதிராகத் திரும்பவில்லை. அதற்குச் சொன்ன வேலையை அது செய்தது.

நீங்கள் பயந்த அந்த 'நன்றி' வசனத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். கோபமாகக் கத்திக்கொண்டு வரும் ரோபோவை எனக்கு நம்ப முடியாது, நான் தினமும் பார்ப்பவை அப்படி இல்லை. வேலை முடிந்ததும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிப் போய் அடுத்த கட்டளைக்கு நிற்கும். ஒருவர் அடிபட்டாலும் அப்படித்தான் போய் நிற்கும். வைனோர்ஸ்கி தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்த ஒரு வசனத்தில் அதைப் பிடித்துவிட்டார்.

இதை வைத்து யாராவது குறும்படம் எடுப்பதாக இருந்தால் ஒரு நிஜத் தகவல் தருகிறேன். ரோபோவுக்குப் பக்கத்தில் நின்று அதற்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போது கையில் ஒரு ரிமோட் மாதிரிக் கருவி இருக்கும், டீச் பெண்டன்ட் என்போம். அதன் பின்பக்கம் ஒரு சுவிட்ச். அதைப் பாதி அழுத்திப் பிடித்திருந்தால்தான் ரோபோ அசையும். கையை விட்டாலும் நின்றுவிடும், பயந்துபோய் இறுக்கி அழுத்தினாலும் நின்றுவிடும். பயத்தில் மனிதனின் கை இரண்டில் ஒன்றைச் செய்யும் என்று யோசித்து வைத்தது. வேகமும் வினாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சுவிட்சை யாராவது டேப் ஒட்டிப் பாதி அழுத்தத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதிலேயே ஒரு முழுத் திகில் கதை இருக்கிறது. ரோபோவுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவையே இல்லை.

---

ராத்திரி ஷோ

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. குமார் அண்ணா, உங்கள் பதிலை நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். டேப் ஒட்டிய சுவிட்ச் விஷயத்தில் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ரோபோ தன் வேலையைச் செய்கிறது என்ற வாதம் 'ஹார்ட்வேர்' படத்துக்குப் பொருந்துகிறது. ஃபோர்டு ஆலைக்கும் பொருந்துகிறது. 'சாப்பிங் மால்' படத்தில் முதலில் சாவது கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன். அவன் திருடன் இல்லை, ரோபோக்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அடையாள அட்டை உள்ள ஊழியரை ஒன்றும் செய்யாது என்றுதானே விளக்கக் கூட்டத்தில் மார்தட்டுகிறார்கள்? அப்படியென்றால் அங்கே கடமை கெட்டுவிட்டது, கொலை செய்ய வேண்டும் என்ற விருப்பம் வந்துவிட்டது என்றுதானே ஆகிறது? குரல் மட்டும்தான் பழைய குரல். எனக்குப் பயம் வந்தது ஒருவேளை அதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே என்னவோ மாறிவிட்டது, வெளியே மரியாதை அப்படியே இருக்கிறது. கடமையைச் செய்யும் இயந்திரத்தைவிட இது எனக்குப் பெரிய பயம்.

---

ஆட்டோமேஷன் குமார்

நல்ல கேள்வி தம்பி. டெக்னீஷியன் காட்சி என் வாதத்துக்குள் அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விருப்பம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். யார் ஊழியர், யார் அந்நியர் என்று பிரிக்கும் பகுதி மட்டும் அழிந்து, அந்நியரைத் தடு என்பது மட்டும் மிஞ்சினாலும் இதேதான் நடக்கும். அப்போது அதற்கு எல்லாரும் அந்நியர். நாங்கள் சென்சார் கெட்ட இடங்களில் இதைப் பார்த்திருக்கிறோம், ஆள் இருக்கிறான் என்ற தகவல் மட்டும் வராது, மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேண்டுமென்றே செய்வது போலத்தான் இருக்கும்.

---

கேசட் காலம்

இந்தப் பேச்சுக்குப் பொருத்தமாக இன்னொரு படத்தைச் சொல்ல வேண்டும், பரிந்துரையாகச் சொல்லவில்லை. அதே 1986-ல் 'மேக்ஸிமம் ஓவர்டிரைவ்' வந்தது. ஸ்டீபன் கிங் இயக்கிய ஒரே படம். ஒரு வால்நட்சத்திரம் பூமியைக் கடக்கும்போது லாரி, குளிர்பான மெஷின், புல்வெட்டி எல்லாம் மனிதர்களைக் கொல்லக் கிளம்புகின்றன. 'சாப்பிங் மால்' செலவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் போட்டு எடுத்தார்கள், இசை ஏசி/டிசி ராக் குழு. பணம் இருந்தது, லாரிகள் இருந்தன, வெடிகள் இருந்தன. பயம் இல்லை. ஏனென்றால் எல்லா இயந்திரமும் கெட்டது என்றால் எந்த இயந்திரத்தையும் உற்றுப் பார்க்கத் தோன்றாது. மூன்று ரோபோ, ஒரு கட்டடம் என்று குறுகும்போதுதான் அடுத்த திருப்பத்தில் எது நிற்கிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது.

ஆனால் நான் அந்தப் படத்தைச் சொல்ல வந்தது வேறு காரணத்துக்காக. வட கரோலினாவில் வில்மிங்டனில் அதன் படப்பிடிப்பு நடந்தபோது, 1985 ஜூலை இறுதியில், ரிமோட்டில் ஓட்டிய ஒரு புல்வெட்டி மெஷின் கட்டுப்பாட்டை மீறிப் போய், கேமராவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டையில் ஏறிவிட்டது. மரச் சிம்புகள் தெறித்து ஒளிப்பதிவாளர் அர்மாண்டோ நன்னூட்ஸிக்கு ஒரு கண் போய்விட்டது. இத்தாலியின் பெரிய இயக்குநர்களோடு வேலை பார்த்தவர் அவர். பிறகு வழக்குப் போட்டு, சமரசத்தில் முடிந்தது. குமார் சொன்னதுதான் இங்கேயும்: மெஷினுக்கு எந்தக் கோபமும் இல்லை, அதன் வழியில் ஒரு கட்டை இருந்தது, கட்டைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். சின்னப் பட்ஜெட்டில் மெஷின் வைத்துப் படம் எடுக்க நினைக்கும் பையன்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து சுழலும் பிளேடை நிஜமாக வைத்து எடுக்காதீர்கள். பிளேடைக் கழற்றிவிட்டுச் சத்தத்தை மட்டும் பின்னால் சேர்த்தால் போதும். கேமரா பக்கத்தில் ஆளையும் நிறுத்தாதீர்கள்.

பரிந்துரை என்றால், 'ஹார்ட்வேர்' படத்துக்கு முன்னால் 'டூயல்' பாருங்கள். 1971-ல் ஸ்பீல்பெர்க் தொலைக்காட்சிக்காக இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்களில் எடுத்தது. ஒரு காரை ஒரு பழைய லாரி நெடுஞ்சாலையில் துரத்துகிறது. கதையில் லாரிக்குள் டிரைவர் இருக்கிறான், ஆனால் முகத்தை ஒரு தடவைகூடக் காட்ட மாட்டார்கள், கையும் பூட்ஸும்தான். அதனால் நம் மனம் லாரியையே உயிராக எடுத்துக்கொள்கிறது. லாரிகளை வரிசையாக நிறுத்தி, நடிகரைத் தேர்வு செய்வது போல முகம் பார்த்து அந்தப் பீட்டர்பில்ட் வண்டியை எடுத்தார் ஸ்பீல்பெர்க். அழுக்கும் கிரீஸும் பூசி, முன்னால் பல மாநில நம்பர் பிளேட்டுகளை மாட்டிவைத்தார்கள். ரோபோவும் இல்லை, மின்னலும் இல்லை. காரை ஓட்டும் நடிகர் டென்னிஸ் வீவரின் வியர்த்த முகம், கண்ணாடியில் லாரி, இவை போதுமாக இருக்கின்றன.

---

நளினி

'டூயல்' பற்றி மறுபேச்சு இல்லை. ஆனால் தியேட்டர் வெளியீட்டுக்காக நீட்டிய 90 நிமிட வடிவம்தான் இப்போது பெரும்பாலும் கிடைக்கிறது. பள்ளிப் பேருந்துக் காட்சியெல்லாம் பிறகு எடுத்துச் சேர்த்ததுதான். எனக்கு அந்தப் பேருந்துக் காட்சி பிடிக்கும், லாரி அந்தப் பேருந்தைத் தள்ளி உதவி செய்கிற இடம் படத்திலேயே மிகக் கொடுமையான இடம். காரில் வருபவனுக்கு மட்டும்தான் அது எதிரி, மற்றவர்களுக்கு நல்ல வண்டி.

ராத்திரி ஷோ, டெக்னீஷியன் பற்றி நீங்கள் சொன்னதையும் யோசித்தேன். மரியாதை வெளியே, மாற்றம் உள்ளே என்றீர்களே, அந்தக் கோணத்தில் பார்த்தால் துப்பாக்கிக் கடைக்குப் பிறகும் ஒன்றிரண்டு காட்சி தேறும் போலிருக்கிறது. மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

---

ராத்திரி ஷோ

சனிக்கிழமை 'டூயல்', அதற்கு அடுத்த வாரம் 'ஹார்ட்வேர்' என்று வைத்திருக்கிறோம். 'சாப்பிங் மால்' வாங்க வேண்டும் என்றால் எது நல்ல பிரதி? நாங்கள் பார்த்தது மங்கலாக இருந்தது, இருட்டுக் காட்சிகளில் ரோபோ எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

---

கேசட் காலம்

2016-ல் லயன்ஸ்கேட் 'வெஸ்ட்ரான் வீடியோ' வரிசையில் புளூரே போட்டார்கள், அதைப் பாருங்கள். இயக்குநரும் எழுத்தாளர் ஸ்டீவ் மிட்செலும் பேசும் பகுதிகளும் அதில் உண்டு. இன்னொரு விஷயம், அந்த மால் 1994 நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டு, பிறகு மூடி, உள்ளே அடியோடு மாற்றித் திறந்தவெளி வளாகமாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து ஷெர்மன் ஓக்ஸ் கேலரியாவை நல்ல வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றாலும் அந்தப் பிரதிதான் சரி.